மார்கரெட் ப்ரெஸ்டனின் பிற்கால ஓவியங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலிய ஓவியர் மார்கரெட் ப்ரெஸ்டன் தமது அறுபத்தைந்தாம் வயதை ஒட்டித் தொடங்கி, எண்பது வயதைக் கடந்த பின்னும் செய்துகொண்டிருந்த ஓவியங்களையும் அச்சுகளையும் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அந்நாட்டின் பூர்வகுடி மக்களுடைய கலையைப் பார்த்தும், அவர்கள் வாழ்ந்த நிலத்தைப் பார்த்தும் உருவான படைப்புகள் இவை. இவற்றை ஆஸ்திரேலியக் கலையின் பெரும்பேறு என்று போற்றுவோரும், பிறர் உடைமையைக் கேளாமல் எடுத்த செயல் என்று கண்டிப்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தை எப்படிப் பார்ப்பது என்பதை ப்ரெஸ்டன் பூர்வகுடிக் கலைஞர்களிடமிருந்து உண்மையாகவே கற்றுக்கொண்டார். அந்தப் பார்வை எந்த மக்களுடையது, எந்தக் கதையைச் சார்ந்தது, அதை வரையும் உரிமை யாருக்கு உண்டு என்பவற்றை மட்டும் அவர் கேட்கவில்லை. அவருடைய பிற்காலப் படங்களின் ஆற்றலும் குறையும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன என்பதுதான் என் கருத்து.

ப்ரெஸ்டன் 1875இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்டில் பிறந்தார். மெல்பர்னில் ஓவியம் பயின்றபின் 1904இல் மியூனிக்குக்கும் பாரிசுக்கும் சென்றார். 1912இல் மீண்டும் ஐரோப்பா சென்றவர், முதல் உலகப்போர் முடியும்வரை அங்கேயே இருந்தார். பாரிசில் அவர் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளில் மனத்தைப் பறிகொடுத்தார் என்னும் செய்தி, அவருடைய பிற்காலத்தைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும். ஒளியையும் நிழலையும் கூட்டிப் பொருளைத் திரட்சியாகக் காட்டும் ஐரோப்பிய வழக்கத்திலிருந்து விலகி, தட்டையான வண்ணப் பரப்பும் அதைச் சுற்றிய தெளிவான கோடுமே போதும் என்ற முறைக்கு அவர் கண் அப்போதே பழகிவிட்டது. 1919இன் கடைசி நாளில் வில்லியம் ப்ரெஸ்டன் என்னும் வணிகரை மணந்து, சிட்னியின் மோஸ்மன் பகுதியில் குடியேறினார்.

அதற்குப் பிந்திய பத்தாண்டுகளில் அவர் பெரும் புகழ் பெற்றார். பேங்க்சியா, வாரட்டா, யூகலிப்டஸ் முதலிய உள்நாட்டுப் பூக்களை மரத்தில் செதுக்கி அச்செடுத்துக் கையால் வண்ணமிட்டார். 1927இல் வரைந்த 'இம்ப்ளிமென்ட் புளூ' என்னும் ஓவியத்தில் கோப்பைகளையும் கண்ணாடிக் குவளையையும் இயந்திர உறுப்புகளைப் போலக் கறாராக அடுக்கிக் காட்டினார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கலைக்கூடம் தன்னுருவ ஓவியம் வரைந்து தருமாறு முதன்முதலாக ஒரு பெண்ணைக் கேட்டுக்கொண்டது என்றால், அந்தப் பெண் ப்ரெஸ்டன்தான். 1930இல் அவர் அதை வரைந்து கொடுத்தார். பொதுமக்கள் இன்றும் அவரை அறிந்திருப்பது அந்தப் பூக்களின் வழியாகவே. அவற்றின் அழகில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இன்றைய பேச்சுக்கு அவை வாயில் மட்டுமே என்பதால் கடந்து செல்கிறேன்.

1924, 1925ஆம் ஆண்டுகளிலேயே ப்ரெஸ்டன் பத்திரிகைகளில் ஒரு கருத்தை உரக்கச் சொல்லத் தொடங்கியிருந்தார். ஆஸ்திரேலியாவுக்கு என்று ஒரு தேசியக் கலை வேண்டும். அதை லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது. அதன் வேர் பூர்வகுடி மக்களின் கலையில் இருக்கிறது என்பது அவர் வாதம். சிட்னியின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த கேடயங்களையும் செதுக்கிய மரங்களையும் ஆராய்ந்து, அவற்றின் கோலங்களைத் திரைச்சீலைக்கும் மட்பாண்டத்துக்கும் வீட்டு அலங்காரத்துக்கும் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று விளக்கி எழுதினார். இக்காலத்தில் இதைப் படிக்கும்போது முகம் சுளிக்கிறோம். ஆனால் அக்காலத்தில் இந்தப் பொருள்கள் எல்லாம் எங்கே இருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாடம் செய்த விலங்குகளுக்கும் கல்லாயுதங்களுக்கும் பக்கத்தில், அழிந்துபோகப் போகும் ஓர் இனத்தின் எச்சங்கள் என்று எண்ணி அவற்றை வைத்திருந்தார்கள். இது கலை, ஐரோப்பியக் கலைக்கு எவ்வகையிலும் தாழாத கலை என்று ஒரு முன்னணி ஓவியர் அச்சில் எழுதியது அன்றைக்குச் சிறிய காரியம் அன்று. இந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டுரைகளில்தான் அவரைப் பிற்காலத்தில் விடாமல் துரத்திய ஓர் அறிவுரையும் இருக்கிறது. பூர்வகுடிக் கோலங்களைக் கையாளும் ஓவியர், அதைச் செதுக்கியவர் என்ன தொன்மத்தைச் சொல்ல முயன்றார் என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தொன்மமும் சமயக் குறியீடும் மானுடவியலாளருக்கு உரியவை, கலைஞருக்கு உரியவை அல்ல என்பது அதன் சாரம். பாரிசில் பழகிய கண்ணுக்கு இது இயல்பான எண்ணமாகவே தோன்றியிருக்கும். அங்கே ஓவியர்கள் ஆப்பிரிக்க முகமூடிகளை வடிவத்துக்காக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்த அறிவுரை எங்கே பிழைபடுகிறது என்பதை அறிய, வட ஆஸ்திரேலியாவின் ஆர்ன்ஹெம் நிலத்து மரப்பட்டை ஓவியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவகை யூகலிப்டஸ் மரத்தின் பட்டையை மழைக்காலத்தில் உரித்து, தீயில் வாட்டி, கனம் ஏற்றித் தட்டையாக்குகிறார்கள். செங்காவி, மஞ்சட்காவி, வெண்களிமண், கரி என நான்கு நிறங்களே பெரும்பாலும் போதுமானவை. நீண்ட மயிரிழைகளால் ஆன மெல்லிய தூரிகையால், ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகளை நெருக்கமாக இடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணில் அந்தப் பரப்பு மின்னுவதுபோல் தோன்றும். நமக்கு அது அலங்காரம். அவர்களுக்கோ அந்தக் கோட்டு வரிசை இன்ன குலத்துக்கு உரியது. முன்னோர் படைத்துச் சென்ற இன்ன நீர்நிலையை, இன்ன மணல்மேட்டைக் குறிப்பது. அதை வரையும் உரிமை தந்தை வழியிலும் தாய் வழியிலும் முறைப்படி வந்து சேர்வது. கதையைக் களைந்துவிட்டுக் கோலத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, நிலப்பத்திரத்தில் உள்ள எழுத்தின் அழகுக்காக அதைச் சுவரில் மாட்டி வைப்பதற்கு ஒப்பாகும். மேலும், ஐரோப்பியர் வந்தபோது அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. குயின்ஸ்லாந்து மழைக்காட்டுக் கேடயமும், சிட்னிப் பாறைச் செதுக்கும், ஆர்ன்ஹெம் நிலத்து மரப்பட்டையும் வெவ்வேறு மக்களின் வெவ்வேறு மரபுகள். ப்ரெஸ்டன் அவற்றை ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்துவிட்டார்.

1920களின் நிலை இதுதான். இந்த நிலையிலேயே அவர் நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி இவ்வளவு நேரம் பேச வேண்டியதில்லை. 1932இல் கணவரோடு சிட்னிக்கு வடக்கே உள்ள பெரோரா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, 1939 வரை காட்டை ஒட்டி வாழ்ந்தார். மணற்பாறைகளும் யூகலிப்டஸ் காடுமாக விரிந்த நிலம் அது. அந்த வட்டாரத்துப் பாறைத் தளங்களில் கங்காருவும் மீனும் திமிங்கிலமும் முன்னோர் உருவங்களும், உள்ளே எதையும் நிரப்பாத ஒற்றைக் கோடாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பாறையின் நிறமே உருவத்தின் நிறம், பாறையின் மேடுபள்ளமே உருவத்தின் உடல். பின்னர் 1940களில் நாட்டின் தொலைதூரப் பகுதிகளுக்கும் பயணம் செய்து பாறை ஓவியங்களை நேரில் கண்டார். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது தனித்தனிக் கோலங்களாக இருந்தவை, வெட்டவெளியில் பார்த்தபோது நிலத்தோடு பிரிக்க முடியாமல் ஒன்றியிருந்ததை அவர் கண் கண்டுகொண்டது. இந்த மாற்றத்தை அவர் எழுத்தில் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது, ஓவியங்களில்தான் தெரிகிறது.

1941இல் வரைந்த 'அபொரிஜினல் லேண்ட்ஸ்கேப்' இன்று அடிலெய்டில் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு ஆஸ்திரேலிய நிலக்காட்சி என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது ஒரு பொன்வெயில் காட்சிதான்: நீலமும் பொன்னிறமுமாக ஒளி பரவ, தொலைவில் மங்கும் மலைகள், நடுவே ஆட்டு மந்தை அல்லது குதிரைமேல் ஒரு வெள்ளையர். ப்ரெஸ்டனின் படத்தில் அந்த வெயில் இல்லை. காவி, பழுப்பு, கறுப்பு, வெளிர்மஞ்சள் இவைதான் நிறங்கள். குன்றுகளும் புதர்களும் தடித்த கறுங்கோட்டுக்குள் அடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. தொலைவு என்பதை உணர்த்த அவர் எதையும் மங்கலாக்கவில்லை, அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே அழுத்தத்தோடு கண்முன் நிற்கின்றன. அதே காலத்தைச் சேர்ந்த 'ஐ லிவ்ட் அட் பெரோரா', 'கிரே டே இன் தி ரேஞ்சஸ்' என்னும் ஓவியங்களிலும் இதே கடுமை இருக்கிறது. வறண்டதாக, பழைமையானதாக, மனிதரின் வசதிக்காக அமையாததாக நிலம் தோன்றுகிறது. குடியேறியவர்களின் ஓவிய மரபில், நிலத்தைத் தம் பண்ணையாகப் பார்க்காத முதல் சில படங்களில் இவற்றை நான் வைப்பேன்.

எல்லாவற்றிலும் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது 1942இல் வரைந்த 'ஃபிளையிங் ஓவர் தி ஷோல்ஹேவன் ரிவர்'. நியூ சவுத் வேல்ஸின் தெற்குக் கரையில் கடலில் கலக்கும் ஷோல்ஹேவன் ஆற்றை வானத்திலிருந்து பார்ப்பதாக அமைந்த ஓவியம் இது. விமானப் பயணம் அவருக்கு அந்தக் கோணத்தைக் கொடுத்தது என்பது உண்மை. ஆனால் விமானத்தில் ஏறிய எல்லாரும் இப்படிப் பார்த்துவிடவில்லை. ஆறு வெளிர்நிறமாக வளைந்து வளைந்து செல்கிறது. இருபுறமும் காவியும் சாம்பலுமான நிலம் மேடும் மடிப்புமாகப் பரந்து கிடக்கிறது. மேகத் திட்டுகள் ஆற்றுக்கும் நமக்கும் இடையில் மிதக்கின்றன. இந்த மேகங்களைச் சீன நிலக்காட்சி ஓவியத்திலிருந்து அவர் பெற்றார். அம்மரபையும் அவர் ஆழ்ந்து பயின்றவர். நிலத்தை மேலிருந்து நோக்கி, அதன் வடிவத்தையே செய்தியாக்கும் துணிவு பூர்வகுடிக் கலை கொடுத்தது. ஐரோப்பிய ஓவியம் பார்ப்பவரை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, அவர் கண்மட்டத்திலிருந்து தொடுவானம் வரை எல்லாவற்றையும் அளந்து அடுக்கும். பூர்வகுடி ஓவியத்தில் அப்படி நிற்கும் ஓர் ஆள் இல்லை, தொடுவானமும் தேவையில்லை. ஊற்று, மணல்மேடு, முன்னோர் நடந்த வழி ஆகியவை ஒன்றுக்கொன்று எந்த உறவில் உள்ளனவோ அதுவே படத்தின் அமைப்பு. ப்ரெஸ்டன் இதன் பொருளைக் கேட்டு அறியவில்லை என்றாலும், இதன் வடிவ நியாயத்தை அவர் கை மிகச் சரியாகப் பற்றிக்கொண்டது. கோலங்களைக் கத்தரித்து ஒட்டிய பழைய வேலைக்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

போர்க்காலத்தில் சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்த ஜப்பானிய நீர்மூழ்கியையும், டாங்கிகளைத் தடுக்கும் அரண்களையும்கூட அவர் வரைந்தார். அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1946ஐ ஒட்டி, ஒரே ஒரு படி மட்டும் எடுக்கக்கூடிய மோனோடைப் அச்சுகளில் வறண்ட உள்நாட்டு நிலத்தைத் தொடர்ந்து காட்டினார். அதன்பின், எழுபத்தைந்து வயதுக்கு மேல், அட்டையில் வடிவங்களை வெட்டியெடுத்து அதன் வழியே வண்ணத்தை ஒற்றும் ஸ்டென்சில் முறைக்கு வந்து சேர்ந்தார். கறுப்பு அட்டையின்மேல் ஒளிபுகா வண்ணத்தை இட்டு, வண்ணம் படாத இடங்களில் அடிப்பரப்பின் கறுப்பே கோடாக நிற்கும்படி விட்டுவைத்தார். மண்ணின் நிறங்கள் அந்தக் கறுப்பிலிருந்து எழுந்து வருவதுபோல் தோன்றும். முதிய வயதில் இப்படியொரு புதிய கைவழக்கத்தை அவர் கண்டடைந்தது எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது.

இந்தக் காலத்தில்தான் அவர் படங்களில் பூர்வகுடி மனிதர்கள் வருகிறார்கள். விவிலியக் கதைகளை ஆஸ்திரேலிய மண்ணில் நிகழ்வனவாக அவர் வரைந்தார். 1952இல் செய்த 'எக்ஸ்பல்ஷன்' என்னும் படத்தில், ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் ஆதாமும் ஏவாளும் கறுப்பின மக்கள். அவர்களைத் துரத்தும் விண்ணுலகத் தூதரோ வெள்ளையர். தமது நிலத்திலிருந்து ஒரு மக்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றை இதைவிட நேராக ஒரு படத்தில் சொல்வது அரிது. ப்ரெஸ்டன் இதை அரசியல் கண்டனமாகவே எண்ணிச் செய்தாரா, திருச்சபைக் கலையைப் புதுப்பிக்கும் முயற்சியாகச் செய்தாரா என்று அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, படத்தில் இருப்பது படத்தில் இருக்கிறது. கதை தேவையில்லை என்று எழுதிய அதே கை, கடைசியில் ஒரு கதையின் துணையோடுதான் அந்த மக்களைக் காட்ட முடிந்தது. அதுவும் அவர்களுடைய கதையாக இல்லாமல் ஐரோப்பியர் கொண்டுவந்த கதையாக இருந்தது.

அவர் வாழ்ந்த ஊருக்கு அருகே, சிட்னியிலேயே, அந்த மக்கள் தம் கதையைத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1938 ஜனவரி 26 அன்று, ஐரோப்பியர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டைச் சிட்னி கொண்டாடியபோது, வில்லியம் கூப்பர், ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன் ஆகியோர் முன்னின்று அதே நகரில் துக்க நாள் மாநாட்டை நடத்தினார்கள். முழுக் குடியுரிமை வேண்டும் என்று தீர்மானம் இயற்றினார்கள். மாநில அரசின் வாரியம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போன காலம் அது. தேசியக் கலையின் வேர் என்று ப்ரெஸ்டன் யாருடைய கலையைச் சொன்னாரோ, அவர்களைத் தேசம் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் கட்டுரைகளில் அந்தக் கலை உண்டு. அதைச் செய்தவர்கள் கற்பித்த ஆசான்களாகத் தம் பெயரோடு வருவதில்லை.

அக்காலத்தில் நாடறிந்த பூர்வகுடி ஓவியர் ஒருவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய ஆஸ்திரேலியாவின் அரன்டா மக்களைச் சேர்ந்த ஆல்பர்ட் நமட்ஜிரா, தம் மூதாதையர் நிலத்தை ஐரோப்பிய நீர்வண்ண முறையில் வரைந்து 1938இல் மெல்பர்னில் முதல் தனிக்காட்சியை நடத்தினார். ப்ரெஸ்டன் காவிநிறத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, நமட்ஜிரா ஊதாநிற மலைகளையும் வெண்ணிற மரங்களையும் வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் மற்றவரின் மரபைக் கையாண்டார் என்ற அளவில் இருவரும் ஒன்றே. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. நமட்ஜிராவுக்கு 1957இல்தான் குடியுரிமை கிடைத்தது. மறு ஆண்டே, குடியுரிமை இல்லாததால் மது தடைசெய்யப்பட்டிருந்த தம் உறவினருக்கு அதைக் கொடுத்தார் என்று தண்டிக்கப்பட்டு, 1959இல் மனமுடைந்த நிலையில் இறந்தார்.

கோலம் போதும், கதை வேண்டாம் என்ற எண்ணம் ப்ரெஸ்டனோடு முடிந்துவிடவில்லை. அவர் 1963இல் மறைந்தார். 1966இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஒரு டாலர் தாளில் ஒரு மரப்பட்டை ஓவியத்தின் உருவங்கள் அச்சாகியிருந்தன. வரைந்தவர் யாரோ, எப்போதோ இறந்திருப்பார் என்று அதிகாரிகள் எண்ணிவிட்டார்கள். அதை வரைந்த டேவிட் மலாங்கி ஆர்ன்ஹெம் நிலத்தில் உயிரோடு இருந்தார். குர்மிரிங்கு என்னும் பெருவேட்டைக்காரரான முன்னோரின் இறுதிச் சடங்கை, அதைச் சொல்லும் உரிமை பெற்ற ஒருவர் வரைந்த ஓவியம் அது. பின்னர் அவருக்கு 1000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார்கள். பூர்வகுடிக் கலைஞர்களின் பதிப்புரிமை பற்றிய நாடளாவிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

ப்ரெஸ்டனுக்கு ஓவியத்தாலேயே மறுமொழி சொன்னவர், பூர்வகுடி வழித்தோன்றலான கார்டன் பென்னட். 1990களின் நடுவில் தொடங்கிய 'ஹோம் டெகோர்' என்னும் வரிசையில், ப்ரெஸ்டனின் வடிவமைப்புகளில் இருந்த பூர்வகுடி உருவங்களை அவர் எடுத்து, டச்சு ஓவியர் மொந்திரியானின் கறுங்கோட்டுச் சட்டகத்துக்குள் நிறுத்தினார். சிவப்பும் மஞ்சளும் நீலமுமான கட்டங்களுக்கு நடுவே அந்த உருவங்கள் ஆடுகின்றன, சிக்குண்டும் கிடக்கின்றன. கேளாமல் எடுக்கப்பட்டதைக் கேளாமலே திரும்ப எடுத்துக்கொண்ட செயல் இது. பென்னட்டைப் பார்த்தபின் ப்ரெஸ்டனின் பழைய அலங்கார வேலைகளை என்னால் முன்போல் பார்க்க இயலவில்லை. ஷோல்ஹேவன் ஆற்றை மட்டும் இப்போதும் அதே வியப்போடு பார்க்கிறேன். அதில் எடுத்து ஒட்டிய உருவம் எதுவும் இல்லை, கற்றுக்கொண்ட கண் மட்டுமே இருக்கிறது.

அந்த ஓவியம் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. அங்கே செல்ல வாய்ப்புப் பெறுவோர், அதே கலைக்கூடத்துக்கு உரிய 'அபொரிஜினல் மெமோரியல்' என்னும் படைப்பையும் அவசியம் பார்க்க வேண்டும். ஐரோப்பியக் குடியேற்றத்தின் 200 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒன்றாக 200 உட்குடைந்த மரத்தண்டுகளில் ராமிஞ்சினிங் பகுதியைச் சேர்ந்த 43 கலைஞர்கள் வண்ணம் தீட்டி, 1988இல் அதை நிறைவு செய்தார்கள். இறந்தோரின் எலும்புகளை வைக்கும் ஈமத்தண்டுகளின் வடிவம் அது. டாலர் தாளில் பெயரில்லாமல் அச்சான மலாங்கியும் அந்த 43 பேரில் ஒருவர். தண்டுகளுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் பாதை ஆர்ன்ஹெம் நிலத்தின் கிளைட் ஆற்றைக் குறிக்கிறது. அந்த ஆற்றின் கரையில் எந்தக் குலத்துக்கு எந்த இடம் உரியதோ, அந்த இடத்தில்தான் அந்தக் குலத்தாரின் தண்டுகள் நிற்கின்றன. ப்ரெஸ்டன் வானத்திலிருந்து பார்த்த ஆற்றையும், ஆற்றுக்கு உரியவர்கள் தங்கள் தங்கள் இடத்தில் நின்று அமைத்த ஆற்றையும் ஒரே பயணத்தில் பார்த்து ஒப்பிடலாம்.